சிவப்பு வாளி நின்ற இடம்

கராஜ் கதவை ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. பேசியவர்கள் என் மனைவியும் மருமகளும், போனில் மகனும். நான் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் முதல் ஆளாக மூக்கை நுழைக்கிறவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறானே என்று யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கதவு போன வருத்தத்தில் மனிதர் நொந்து போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி நினைத்தது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

நான் டிரைவிங் மாஸ்டர். இருபத்தெட்டு வருடமாக இதே தொழில். ஒரே ஒரு கார், அதன் தலையில் ஒரு பலகை, முன்னால் ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மரத்திலும் மதிலிலும் முட்டாமல் இருக்க மாட்டார்கள் என்பதால் அந்தத் தடுப்பு. இந்தப் பகுதியில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்தான். வங்கி மேனேஜர் ஆனாலும் சரி, பல் டாக்டர் ஆனாலும் சரி, ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் எனக்கு எல்லோரும் ஒன்று. "கண்ணு ரோட்டுல, கால் பிரேக்குல, மத்ததெல்லாம் வீட்டுல" என்பேன். பல பேர் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்கிறார்களாம். கேட்கப் பெருமையாக இருக்கும்.

வெளியே யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. டிரைவிங் மாஸ்டர் கார் ஓட்டுவது அபூர்வம். காலையில் முதல் மாணவன் வீட்டுக்கே வந்து காரை எடுப்பான். மாலையில் கடைசி மாணவன் என்னை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவான். நடுவில் நாள் முழுவதும் நான் பக்கத்து இருக்கையில்தான். அங்கே என் காலடியில் இரண்டே பெடல்கள். இடது பக்கம் கிளட்ச், வலது பக்கம் பிரேக். ஆக்ஸிலரேட்டர் கிடையாது. மாஸ்டருக்கு எதற்கு வேகம்? அவன் வேலை நிறுத்துவது. வலது ஓரத்தில் இருப்பது பிரேக் என்று என் வலது காலுக்கு இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

மருமகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை தருகிறவள். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள் இவர்களையெல்லாம் மறுபடி நடக்க வைப்பது அவள் வேலை. வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தருகிற புதுப் பதவி ஒன்று அவளுக்கு வந்திருந்தது. கேட்டு வாங்கிய பதவி. மூன்று வருடமாக அதற்காகக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரி கார் தரும், ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், லைசென்ஸ் வேண்டும். புதன்கிழமை அவளுக்கு டெஸ்ட். பதவியை ஏற்கிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

அவள் பயந்த சுபாவம். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அப்படிப்பட்டவர்கள்தான் கடைசியில் நன்றாக ஓட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கும் கராஜுக்கும் நடுவே உள்ள முற்றத்தில், காரை முன்னால் கொண்டுபோய்க் கதவருகே நிறுத்தி, பின்னால் எடுத்து கேட்டருகே நிறுத்தி, தினமும் காலையில் பத்து தடவை பழகச் சொல்லியிருந்தேன். எங்கே நிறுத்துவது என்று தெரிவதற்காக அவளே ஒரு உபாயம் கண்டுபிடித்தாள். குளியலறையில் இருந்த பழைய சிவப்பு வாளியைக் கொண்டுவந்து மதில் ஓரமாக வைத்தாள். பக்கக் கண்ணாடி வாளிக்கு நேராக வந்ததும் பிரேக். டெஸ்டுக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு போவாயா என்று கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் பழகினாள். மனைவி எட்டு மணிக்கே தையல் கடைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். நான் உள்ளே முகச்சவரம் செய்துகொண்டு காதை வெளியே வைத்திருந்தேன். கியர் மாறும் சத்தம், கார் உறுமும் சத்தம், நிற்கும் சத்தம். பத்து தடவையும் எண்ணினேன். பத்தும் சுத்தம். பிறகு காரை வாளிக்கு நேராக நிறுத்திவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அவள் பஸ் பிடிக்க ஓடினாள்.

பத்து மணி மாணவனுக்குக் காய்ச்சல், வரவில்லை. சும்மா இருக்கிற நேரத்தில் பெட்ரோல் போட்டு வரலாம் என்று நானே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து, கேட்டைத் தாண்டி, முற்றத்தில் நுழைந்தேன். எதிரே மூடிய கராஜ் கதவு. இடப்பக்கம் சிவப்பு வாளி. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த மாஸ்டர் விழித்துக்கொண்டான். "பிரேக்" என்று வாய்விட்டுச் சொன்னேன். காரில் நான் மட்டும்தான், பக்கத்தில் யாரும் இல்லை, ஆனாலும் சொன்னேன். சொன்ன உடனே என் வலது கால் தன் பிரேக்கை மிதித்தது. வலது ஓரத்துப் பெடலை.

கார் பாய்ந்தது. மாணவன் பிரேக் போடவில்லை என்றால் மாஸ்டர் என்ன செய்வான்? இன்னும் அழுத்தி மிதிப்பான். நானும் இன்னும் அழுத்தி மிதித்தேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் மட்டும் குரைத்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கதவின் கீழ்த் தகடுகள் இரண்டும் உள்ளே குழிந்து போயிருந்தன. இடப்பக்க ரெயில் வளைந்து, ஒரு மூலை தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. என் இரும்புத் தடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைப் பெயிண்ட் மட்டும் ஒட்டியிருந்தது.

இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் சப்பைக்கட்டு கட்டத் தோன்றும். காரைப் பின்னால் எடுத்து, அவள் நிறுத்திவிட்டுப் போன அதே இடத்தில் நிறுத்தினேன். சிவப்பு வாளியை எடுத்துக் குழாயடியில் தண்ணீர் பிடித்து, துணி நனைத்து, தடுப்பில் இருந்த வெள்ளைப் பெயிண்டைத் துடைத்தேன். வாளியைத் திரும்ப மதில் ஓரம் வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. வாளி அங்கே இருந்தால் அவள் எங்கே நிறுத்தினாள் என்று சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கிவிடும். அதனால் அதைக் குழாயடியிலேயே கவிழ்த்து வைத்தேன்.

மதியம் மனைவி வந்தாள். கதவைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். "காலைல மருமக ஓட்டிப் பழகினா" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றுமில்லை. பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்த வாக்கியம். இருபத்தெட்டு வருட மாஸ்டர், ஊரையே ஓட்ட வைத்தவர், தன் வீட்டுக் கதவிலேயே காரை ஏற்றினார் என்று நாளைக்குத் தேநீர்க் கடையில் பேசுவார்கள். மாணவர்கள் சிரிப்பார்கள். எதிர்த் தெருவில் புதிதாகக் கடை போட்டிருக்கிற டிரைவிங் பள்ளிக்காரன் நான்கு நாள் அதையே சொல்லி ஆள் பிடிப்பான். இதெல்லாம் ஒரு நொடியில் என் கண் முன்னால் வந்து போனது. புதிதாகப் பழகுகிற பெண் இடித்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், அது சகஜம். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூட வெறும் மௌனம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மாலையில் மருமகள் வந்தாள். அத்தை சொல்லக் கேட்டு, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கதவருகே போய் நின்றாள்.

"நானா மாமா? சத்தம் கேட்டிருக்குமே" என்றாள். பிறகு, "நீங்க உள்ளதான இருந்தீங்க. உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?" என்றாள்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை என்றேன். பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவளை உட்கார வைத்து, அரை மணி நேரம், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இடித்தது எப்படித் தெரியாமல் போகும் என்று பாடம் நடத்தினேன். பயத்தில் காது அடைத்துக்கொள்ளும் என்றேன். கால் பிரேக்கில் இருப்பதாக மனது சொல்லும், கால் வேறெங்கோ இருக்கும் என்றேன். பஸ் பிடிக்கிற அவசரத்தில் கதவைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாய் என்றேன். இத்தனை வருடத்தில் பார்த்த மாணவர்களை உதாரணம் காட்டினேன். குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டே அரை மைல் போன தபால்காரர், மதிலை உரசியது தெரியாமல் வீட்டுக்குப் போய்த் தூங்கிய கணக்கு வாத்தியார். எல்லாம் உண்மைக் கதைகள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஆட்ட ஆட்ட அவள் முகத்தில் இருந்த கேள்வி கொஞ்சம் கொஞ்சமாக அணைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கடைசியில், "ஆமா மாமா, அப்படித்தான் இருக்கும்" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் வந்தால் உண்டு. போனில் அவளைக் கலாய்த்தான். இனிமேல் வீட்டுக்கு வந்தால் பெல் அடிக்க வேண்டாம், காரை விட்டு இடித்தால் போதும், உள்ளே எல்லோருக்கும் கேட்கும் என்றானாம். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, போனை வைத்துவிட்டு, துவைத்த துணியையே நெடுநேரம் மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் காரைத் தொடவில்லை. பழகவில்லையா என்று கேட்டேன், ஏதோ எனக்கு ஒன்றும் தெரியாதது போல. ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னாள்.

"ஒரு கதவ இடிச்சதே எனக்குத் தெரியல மாமா. அங்க ஒரு குழந்தை நின்னிருந்தா?"

அவள் கிளம்பிப் போய்விட்டாள். அன்று மாலை மனைவி சொல்லித்தான் தெரிந்தது, புதுப் பதவி வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி முடித்துவிட்டாள், திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாள். பாவம், இந்தக் கதவால் இப்படி ஆகிவிட்டதே என்றாள் மனைவி. கதவால் என்றுதான் சொன்னாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம், மகன் வந்த பிறகு சொல்லலாம், அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று மனதுக்குள் தேதி வைத்துக்கொண்டே இருந்தேன். நாற்சந்தியில் பச்சை விளக்கு விழுந்த பிறகும் கிளட்சை விடாமல் உட்கார்ந்திருக்கிற மாணவனை எப்படித் திட்டுவேன் நான்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவு ரிப்பேர்க்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் சாக்பீஸ், தோளில் ஏணி. அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு தகடாக விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். நிமிர்த்த முடியும் என்றால் வட்டம் போட்டார், முடியாது என்றால் பெருக்கல் குறி. கீழ்த் தகடு இரண்டிலும் பெருக்கல். நடுத் தகட்டில் வட்டம். மேலே இரண்டும் வட்டம். பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்துகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னாள். மருமகள் அவருக்கு ஒரு டம்ளர் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

அவர் ஏணி போட்டு மேலே ஏறினார். கதவுக்கு மேலே, சுவரை ஒட்டி, ஒரு இரும்புத் தண்டு ஓடும். அதில் தடியான ஸ்பிரிங். கதவின் மொத்தப் பாரத்தையும் அதுதான் தாங்குகிறது. தண்டைச் சுவரோடு பிடித்திருக்கிற போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பார்த்தார். இறங்கி வந்து, தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"போல்ட் பக்கத்துல சுவத்துல மயிரிழை விரிசல் ஒண்ணு இருக்கு. பழசா புதுசான்னு சொல்ல முடியல, பாதி போல்ட் தகட்டுக்கு அடியில போயிடுது" என்றார். "கார் எப்படி வந்து இடிச்சது, அத சொல்லுங்க. அதான் முக்கியம்."

ஏன் என்று மனைவி கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார். மெதுவாக உருண்டு வந்து இடித்தது என்றால் அடி தகட்டோடு போயிருக்கும். கீழே இரண்டு தகடு மாற்றி, ரெயிலை நிமிர்த்தினால் போதும், இன்னும் பத்து வருடம் ஓடும். வேகமாக வந்து இடித்திருந்தால் அதிர்ச்சி ரெயில் வழியாக மேலே போய், போல்ட்டைச் சுவருக்குள் ஆட்டியிருக்கும். அப்போது ரிப்பேர் செய்து பிரயோஜனம் இல்லை. பார்க்க நன்றாக இருக்கும். ஒருநாள் யாராவது கீழே நிற்கும்போது ஸ்பிரிங் தண்டு சுவரைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு மொத்தக் கதவும் இறங்கும். பழைய கதவைக் கழற்றி, போல்ட்டுகளை வேறு இடத்தில் புதிதாக இறக்கி, புதுக் கதவுதான் போட வேண்டும்.

"இதுவரைக்கும் கதவ இடிச்சவங்க ஒருத்தர்கூட வேகமா வந்தேன்னு சொன்னதில்ல" என்று லேசாகச் சிரித்தார். "அதனாலதான் கேட்டுக்கறேன். யாரு ஓட்டினது?"

யாரும் கை நீட்டவில்லை. ஆனால் மனைவியின் கண் தன்னால் மருமகள் பக்கம் போனது.

"நான்தான்" என்றாள் மருமகள். "மெதுவாத்தான் வந்திருப்பேன். எனக்கு வேகமா ஓட்டத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா உறுதியா சொல்ல முடியலங்க. இடிச்சதே எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள்.

முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் அவள் அப்படிச் சொன்னாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இடித்தது ஞாபகம் இல்லாத பெண் கார் ஓட்டலாமா என்கிற பார்வை. அந்தப் பார்வை என் மேல் விழ வேண்டியது.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. குறுக்கு வழியில் போனேன். எதற்கு வம்பு, கதவும் பழசாகிவிட்டது, பேசாமல் மாற்றிவிடலாம் என்றேன். அப்படியானால் ஆபத்தும் போகும், நானும் தப்பிப்பேன். மனைவி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி வழித்து எடுக்கிற மனுஷன், ஃபியூஸ் போன பல்பை ஆட்டி ஆட்டி ஒரு மாதம் எரிய வைக்கிற மனுஷன், புதுக் கதவு போடலாம் என்கிறாரே, உடம்புக்கு ஏதாவதா என்றாள். மெதுவாக வந்து இடித்ததற்கு ரிப்பேர் போதும் என்று அவரே சொல்கிறாரே, வீம்புக்கு எதற்கு மாற்றுவது என்று பிடித்துக்கொண்டாள். நான் மழுப்பினேன். மழுப்ப மழுப்ப அவள் பிடி இறுகியது.

மருமகள்தான் நடுவில் வந்தாள்.

"மாமா சொல்றபடியே மாத்திடலாம் அத்தை. என்னால போனது. நான் சேத்து வெச்சிருக்கேன், அதுல வாங்கிக்கலாம்."

அந்தச் சேமிப்பு எதற்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொந்தமாக ஒரு பழைய கார் வாங்குவதற்கு. அவளே ஒரு நோட்டில் காரின் படம் ஒட்டி வைத்திருந்தாள். அது எதற்குக் கண்ணு, வைத்துக்கொள் என்று மனைவி சொன்னாள்.

"இனிமே எனக்குக் கார் எதுக்கு அத்தை" என்றாள் அவள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வெட்கம் என்பது முகத்தில் வருகிற ஒன்று என்று நினைத்திருந்தேன். அன்று அது என் வலது காலில் வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"வேகமாத்தான் வந்துச்சு" என்றேன் ரிப்பேர்க்காரரிடம். "ஆக்ஸிலரேட்டர் முழுசா மிதிச்சது. தரையோட."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"மிதிச்சது நான்."

நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். பெட்ரோல் போடப் போனது, பக்கத்து இருக்கையின் பிரேக், பெயிண்டைத் துடைத்தது, வாளியைக் கவிழ்த்தது எல்லாவற்றையும் கொட்டினேன். காலையில் பத்து தடவையும் அவள் சுத்தமாக நிறுத்தியதை உள்ளே இருந்து நான் எண்ணிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். ரிப்பேர்க்காரர் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்பீஸை எடுத்து, வட்டம் போட்ட தகடுகளிலெல்லாம் பெருக்கல் குறி போட்டார். அப்படியானால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். புதுக் கதவு வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை இதன் அடியில் யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உயரம் அகலம் அளந்து எழுதிக்கொண்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். எதிர்த் தெரு டிரைவிங் பள்ளிக்காரனிடம் அவர் சொன்னாலும் சொல்வார். அந்தக் கவலை எங்கே போனது என்றே தெரியவில்லை.

மனைவி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது என்னைத் தாண்டிப் போன விதத்திலேயே, இன்னும் எத்தனை நாளைக்கு வீட்டில் பேச்சு இருக்காது என்று தெரிந்தது. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

மருமகள் அங்கேயே நின்றாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பிரேக் போட்டது எனக்கு ஞாபகம் இருந்துச்சு மாமா" என்றாள். "வாளி நேரா வந்துச்சு, போட்டேன், நின்னுச்சு. பஸ்ல போறப்பகூட அத நெனச்சுக்கிட்டே போனேன். சாயந்திரம் நீங்க உக்கார வெச்சு சொன்னீங்க. சொன்னது நீங்க. உங்களவிட என் கால் எப்படி சரியா இருக்கும்னு அத விட்டுட்டேன்."

"தப்புதாம்மா" என்றேன். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று சொல்லும்போதே தெரிந்தது. கடிதத்தைக் கொடுக்காதே, அந்தப் பதவியை விட்டுவிடாதே என்று அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை லேசாக உயர்த்தினாள்.

"லெட்டர் பையிலதான் இருக்கு. குடுக்கறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன். அத மட்டும் நீங்க சொல்லாதீங்க மாமா."

வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாளாக மூடியிருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது.

அவள் குழாயடிக்குப் போய், கவிழ்த்திருந்த சிவப்பு வாளியை எடுத்து வந்தாள். மதில் ஓரத்தில் எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஏழு வாரம் நின்ற இடத்தில் தரை வட்டமாக வெளுத்துப் போயிருந்தது. இரண்டு நாளாக எல்லோர் கண் முன்னாலும் அந்த வட்டம் இருந்திருக்கிறது. அதன் மேல் வாளியை வைத்தாள். ஆணியில் இருந்து சாவியை எடுத்து வந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் பழக்கதோஷத்தில் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"அங்க வேணாம் மாமா. பின்னாடி உக்காருங்க."

பின் இருக்கையில் நான் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். அங்கே காலுக்கு ஒன்றுமே இல்லை. தரை விரிப்பு மட்டும்தான். அவள் காரைப் பின்னால் எடுத்து கேட்டருகே நிறுத்தினாள். அப்புறம் முன்னால் வந்தாள். எதிரே நசுங்கிய கதவு, அதில் வரிசையாகப் பெருக்கல் குறிகள். கதவு நெருங்க நெருங்க என் வலது கால் தரை விரிப்பை மிதித்தது. மிதிக்காதே என்று அதற்கு எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. "பிரேக்" என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

பக்கக் கண்ணாடி வாளிக்கு நேராக வந்தது. கார் நின்றது.

அவள் இறங்கினாள். கதவின் அருகே போகாமல், இரும்புத் தடுப்பிலிருந்து ஆரம்பித்து, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதமாக வைத்து, கதவுப் பக்கம் நடந்தாள். கதவுக்கு ஒரு அடி முன்பே நின்று, மீதியைக் கண்ணால் அளந்தாள். திரும்பி வந்து என் பக்கத்து ஜன்னல் அருகே குனிந்தாள்.

"எட்டு அடி" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் மறுபடி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டாள். பத்து தடவையும் பழகினாள். பத்தும் சுத்தம். இந்தத் தடவை நான் எண்ணியதை வாய்விட்டுச் சொன்னேன், பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒன்று, இரண்டு என்று. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்ததும் சாவியை உருவி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"டெஸ்டுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு மாமா. நாளைக்கும் பின்னாடியே உக்காருங்க."

சரிம்மா என்றேன்.